கடலில் நிற்கும் கோயில்

ஜப்பானியர் தங்கள் நாட்டின் எழிலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மூன்று இடங்களைச் சேர்த்தே சொல்வது வழக்கம். வடகிழக்கில் மட்சுஷிமா, ஜப்பான் கடலோரத்தில் அமானோஹாஷிடாட்டே, உள்நாட்டுக் கடலில் மியாஜிமா. 1643-ஆம் ஆண்டில் ஹயாஷி காஹோ என்னும் அறிஞர் எழுதிவைத்த வரிசை இது. முதல் இரண்டும் மணலும் பைன் மரங்களும் தீவுத் திட்டுகளுமாய் இயற்கை அமைத்தவை. மியாஜிமாவிலோ மனிதன் கட்டிய கோயிலும் இயற்கையோடு கலந்தே காட்சியாகிறது. அந்தக் கோயிலைக் கண்டுவந்த கதையைத்தான் இன்று சொல்ல வந்தோம். ஆனால் கோயிலுக்குள் கண்டதைவிட அதன் வாயிலுக்கு வெளியே நிகழ்ந்ததே எங்கள் நினைவில் மிகுதியாக நிற்கிறது. ஆகவே அதையும் உடன் சொல்லிவிடுகிறோம்.

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சிங்கப்பூரிலிருந்து யோகோஹாமாவுக்குச் செல்லும் உல்லாசக் கப்பல் ஒன்றில் நாங்கள் ஆறு பேர் பயணம் செய்தோம். மூன்று குடும்பத்தினர்; மூவரும் தில்லியில் பல ஆண்டுகளாக அண்டை அயலாக வாழ்பவர்கள். ஹிரோஷிமாத் துறையை அடைவதற்கு முந்தின இரவு, உணவு முடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் நண்பர் ஒருவருக்கு ஊரிலிருந்து செய்தி வந்தது. அவருடைய தமையனார் காவிரிக் கரையிலுள்ள அவர்கள் சிற்றூரில் அன்று மாலை காலமாகிவிட்டார்.

தமையனாருக்கும் நண்பருக்கும் பதினான்கு வயது வேறுபாடு. தந்தை இளமையிலேயே மறைந்துவிட்டதால் தம்பியைப் படிக்கவைத்தவரும், வேலைக்கு உத்தரவு வந்தபோது சென்னைக்கு உடன்வந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டவரும் அவரே. தகரப் பெட்டி, படுக்கைச் சுருட்டு, ஒரு தூக்குப் பாத்திரத்தில் புளியோதரை ஆகியவற்றோடு தாம் முதன்முதலாகத் தில்லியில் இறங்கியதை நண்பர் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இத்தகைய செய்தியின் தன்மையை விளக்க வேண்டியதில்லை. முன்பு தந்திச் சேவகன் வாசலில் வந்து நின்றால் நெஞ்சு படபடக்கும். 2013-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் தந்தி நின்றுவிட்டது. படபடப்பு நின்றபாடில்லை. அகாலத்தில் தொலைபேசி ஒலித்தால், எடுப்பதற்கு முன்பே ஊரில் யார் என்றுதான் மனம் ஓடுகிறது.

அன்றிரவே கணக்குப் பார்த்தோம். எந்த வழியில் சென்றாலும் எரியூட்டுக்குப் போய்ச் சேர முடியாது. கப்பல் மறுநாள் ஹிரோஷிமாவில் நின்று, அதற்கு அடுத்த நாள் கோபே துறையை அடையும். அங்கிருந்து ஒசாகா சென்று விமானம் ஏறினால் பத்தாம் நாளுக்கு முன்னதாக ஊருக்குப் போய்விடலாம். நண்பரும் அவர் மனைவியாரும் கப்பல் அறையிலேயே தலை முழுகினார்கள். காலையில் அவர்களை அறையில் தனியே விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை; எங்களைத் தடுத்து நிறுத்த அவர்களுக்கும் மனமில்லை.

“கரை வரையில் வருகிறோம். கோயிலுக்குள் மட்டும் வரமாட்டோம். எங்களுக்குத் தீட்டு” என்றார் நண்பர்.

எங்களில் ஒருவர் இதை ஒப்பவில்லை. “நம்முடைய தீட்டு நம்முடைய கோயில்களுக்குத்தானே? ஜப்பானியத் தெய்வத்துக்குப் பங்காளித் தீட்டைப் பற்றி என்ன தெரியும்? இவ்வளவு தூரம் வந்துவிட்டு வாசலில் நிற்பதா?” என்று வாதாடினார். ஆறுதலாகத்தான் அப்படிச் சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரியும். நண்பர் பதில் சொல்லவில்லை.

ஹிரோஷிமாத் துறையிலிருந்து சிற்றுந்தில் மியாஜிமாகுச்சி என்னும் கரைக்குச் சென்று, அங்கிருந்து படகேற வேண்டும். பத்து நிமிடப் பயணம். எங்கள் வழிகாட்டி ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர். நிதானமாக, சொல்லைத் தேடி எடுத்து ஆங்கிலம் பேசுபவர். படகில் ஏறும்போது நூறு யென் தீவு வரி வாங்குகிறார்கள். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வரியைப் பற்றி அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, நண்பர் கோயிலுக்குள் வராத காரணத்தை நாங்கள் மெல்ல எடுத்துரைத்தோம். ஏதோ பழைய நம்பிக்கை என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்ற கூச்சம் எங்களுக்கு இருந்தது.

அவர் பேச்சை நிறுத்திவிட்டு நண்பரை நோக்கித் தலை தாழ்த்தி வணங்கினார். பிறகு சொன்னார்: “எங்களுக்கும் அதுதான் வழக்கம். நெருங்கிய உறவினர் இறந்தால் ஐம்பது நாள் வரையில் நாங்கள் தோரீயைக் கடப்பதில்லை. என் மனைவி இறந்த ஆண்டில் புத்தாண்டு வழிபாட்டுக்குக்கூட நான் இங்கே வரவில்லை. ஐயா வர வேண்டாம். அவரை நான் வேறோர் இடத்துக்கு அழைத்துப் போகிறேன்.”

வாதாடிய அன்பர் அதன்பின் வாய் திறக்கவில்லை.

தோரீ என்பது ஷிண்டோக் கோயில்களின் முன் நிற்கும் வாயில். இரு தூண்களும் அவற்றின்மேல் குறுக்கே கிடக்கும் உத்தரங்களுமாக, கதவில்லாத வாயில். நம் தோரணமே அதற்கு மூலம் என்று கருதுவோர் உண்டு, மறுப்போரும் உண்டு. மியாஜிமாவின் தோரீ கடலுக்குள் நிற்கிறது. படகு தீவை நெருங்கும்போது, பசிய மலையடிவாரத்தில் செந்நிறமாக முதலில் கண்ணில் படுவது அதுதான். பகலில் படகோட்டிகள் சற்று வளைந்து சென்று அதன் எதிரே மெதுவாகக் கடக்கிறார்கள். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து படம் எடுத்தார்கள். நாங்களும் எடுத்தோம்.

அந்த வாயிலின் உயரம் ஏறத்தாழ 16 மீட்டர். எடை 60 டன் அளவு. இப்போதுள்ளது 1875-இல் எழுப்பப்பட்டது. இதன் தூண்கள் கடலடி மண்ணில் புதைக்கப்படவில்லை என்று வழிகாட்டி சொன்னபோது நாங்கள் சரியாகக் காதில் வாங்கவில்லையோ என்று ஐயுற்றோம். உண்மை அதுதான். சேற்றில் பைன் மரக் கழிகளை நெருக்கமாக இறக்கி அடித்தளம் செய்து, அதன்மேல் வாயிலை வெறுமனே நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு பெருந்தூண்களும் கருப்பூர மரத்தின் முழு அடிமரங்கள். முன்னும் பின்னுமாக நான்கு துணைத்தூண்கள் அவற்றைத் தாங்குகின்றன. மேலே உள்ள உத்தரம் உட்கூடான பெட்டி போன்றது. அதனுள் கையளவுக் கற்களை நிரப்பிப் பாரம் ஏற்றியிருக்கிறார்கள். தன் எடையாலேயே அது அலையிலும் புயலிலும் நிலைத்து நிற்கிறது. 2019-ஆம் ஆண்டு ஜூனில் தொடங்கிய பழுதுபார்ப்பு 2022-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் முடிந்தது. அதற்கு முன் வந்தவர்கள் சாரக்கட்டைத்தான் பார்த்துத் திரும்பியிருப்பார்கள்.

கோயிலை ஏன் கடலில் கட்டினார்கள்? இந்தக் கேள்விக்குரிய விடையில்தான் இத்தீவின் தனித்தன்மையெல்லாம் அடங்கியிருக்கிறது. தீவின் பழம்பெயர் இட்சுகுஷிமா. மியாஜிமா என்றால் கோயில் தீவு என்பதே பொருள். பண்டை மக்களுக்குத் தீவே தெய்வம். தெய்வத்தின் உடல்மீது அடித்தளம் தோண்டிக் கட்டடம் எழுப்ப அஞ்சி, கடல் ஏறி இறங்கும் கரைச் சேற்றில் கால்களை ஊன்றிக் கோயிலை அமைத்தார்கள். அவ்வளவு தூய்மையான மண்ணில் பிறப்பும் கூடாது, இறப்பும் கூடாது. பேறுகாலம் நெருங்கிய பெண்களைப் படகில் ஏற்றி எதிர்க்கரைக்கு அனுப்பினார்கள். இறந்தவரையும் எதிர்க்கரைக்கே கொண்டுசென்று அடக்கம் செய்தார்கள். துக்கம் காக்கும் உறவினரும் அங்கேயே தங்கினார்கள். இன்றும் தீவில் இடுகாடு கிடையாது. 1555-ஆம் ஆண்டில் மோரி மோடோநாரி என்னும் தலைவர் இத்தீவிலேயே போர் நடத்திப் பகைவரை வென்றார். வென்ற பின் குருதி படிந்த மண்ணை அகழ்ந்து அகற்றச் செய்து, கோயிலைக் கழுவித் தூய்மைப்படுத்தினார் என்று சொல்கிறார்கள். போரை வேறிடத்தில் வைத்துக்கொண்டிருக்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

நிறைமாதப் பெண்ணைப் படகில் ஏற்றுவதும் எங்களுக்கு உவப்பாக இல்லை. நம் நாட்டிலும் தீட்டு என்ற சொல்லை வைத்துக்கொண்டு பெண்களையும் வேறு பலரையும் எங்கெங்கு நிறுத்தினோம் என்பது நாம் அறியாததன்று. மொழிபெயர்ப்பே எங்கள் தொழில். ஆகையால் வழிகாட்டி பயன்படுத்திய சொல்லை நிறுத்திக் கேட்டோம். ‘கெகாரே’ என்றார். மாசு, தீட்டு என்று அதைப் பெயர்க்கலாம். ஆனால் ‘கெ’ என்பது அன்றாட உயிர்ப்பு, ‘கரே’ என்பது வாடுதல். ஆகவே உயிர்ப்பு வாடிய நிலை என்று பொருள் சொல்வோரும் உண்டு என்றார் அவர். சொற்பிறப்பு என்ற வகையில் இந்த விளக்கம் நிற்குமா என்பது ஐயமே. நண்பருக்கு அந்த ஐயம் இல்லை. “வாட்டம் என்று சொல்லுங்கள், சரியாக இருக்கும்” என்றார்.

படகுத்துறையிலிருந்து கோயிலுக்குச் செல்லும் கரையோரப் பாதையில் மான்கள் உலவுகின்றன. மனிதரைக் கண்டு அஞ்சுவதில்லை. கையிலிருந்த தீவின் வரைபடத்தை ஒரு மான் பறித்துத் தின்றுவிட்டது. கோயில் வாயிலில் நண்பரும் அவர் மனைவியாரும் வழிகாட்டியுடன் பிரிந்து சென்றார்கள். தேவையானதையெல்லாம் அவர் முன்பே சொல்லிவைத்ததால் நாங்கள் நால்வரும் தனியே உள்ளே சென்றோம்.

அப்போது கடல் ஏறியிருந்தது. தெளிந்த பச்சை நீர் நடைமண்டபங்களின் அடியில் வந்து மெல்ல மோதிக்கொண்டிருந்தது. நடைபாதை இருநூற்றைம்பது மீட்டருக்கு மேல் நீண்டு, வளைந்து வளைந்து செல்கிறது. தூண்களெல்லாம் செந்நிறம், கூரை மரப்பட்டை வேய்ந்தது. தரைப் பலகைகளுக்கிடையே விரற்கடை இடைவெளி விட்டிருக்கிறார்கள். தச்சர்களின் கைக்குறை என்று எண்ணிவிடக் கூடாது. கடல் பொங்கி எழும்போது நீர் அந்த இடைவெளிகளின் வழியே மேலே வந்து வழிந்துபோகும். பலகைகளைப் பெயர்க்கும் வேகம் தணிந்துவிடும். நீரை எதிர்க்காமல் உள்ளே வரவிட்டுத் தப்பும் உபாயம் இது. எப்போதும் தப்புவதுமில்லை. 1991-ஆம் ஆண்டுப் புயலில் நோ நாடக மேடை சாய்ந்தது. 2004-ஆம் ஆண்டுப் புயலில் இடப்புற இசைமண்டபம் வீழ்ந்தது. ஒவ்வொரு முறையும் அதே வடிவில், அதே இடத்தில் திரும்பக் கட்டுகிறார்கள். நோ நாடக மேடை 1680-இல் அமைந்தது. கடல்நீர்மேல் நிற்கும் மேடை. அன்று நாடகம் ஏதும் இல்லை. வெற்று மேடையின் அடியில் நீர் அசைந்து, அதன் ஒளி கூரையின் உட்புறத்தில் ஆடிக்கொண்டிருந்ததைச் சற்று நேரம் பார்த்து நின்றோம்.

கோயில் 593-ஆம் ஆண்டில் முதலில் எழுந்ததென்பது மரபு. கடல்வழி காக்கும் மூன்று பெண் தெய்வங்கள் இங்கே உறைகின்றனர். இன்று காணும் பேரமைப்பு 1168-ஆம் ஆண்டளவில் தாய்ரா கியோமோரி என்னும் பெருந்தலைவரால் வந்தது. உள்நாட்டுக் கடல் வாணிகத்தால் செல்வமும், படைவலியால் அதிகாரமும் பெற்றவர் அவர். தம் குலத்தின் வாழ்வெல்லாம் இத்தேவியரின் அருள் என்று நம்பினார். 1164-இல் அவரும் குடும்பத்தாரும் தாமரைச் சூத்திரம் முதலிய பௌத்த நூல்களைப் பொன்னும் வெள்ளியும் இழைத்த தாள்களில் 33 சுருள்களாக எழுதுவித்துக் காணிக்கையாக்கினார்கள். அவை இன்றும் அழியாமல் இருக்கின்றன. ஜப்பானின் தேசியச் செல்வங்களாகப் போற்றப்படுகின்றன.

சுருள்கள் நிலைத்தன, குலம் நிலைக்கவில்லை. கியோமோரி 1181-இல் இறந்தார். நான்கே ஆண்டுகளில், 1185-இல், இதே உள்நாட்டுக் கடலின் மேற்கு வாயிலில் டன்னோஉரா என்னுமிடத்தில் அவருடைய குலம் கடற்போரில் அழிந்தது. அரியணையிலிருந்த சிறுவன் அண்டோகு கியோமோரியின் மகள் வயிற்றுப் பேரன். தோல்வி உறுதியானபோது, கியோமோரியின் மனைவி அந்தக் குழந்தையை அணைத்துக்கொண்டு கடலில் குதித்துவிட்டாள். கடல் தேவியருக்குக் கோயில் எடுத்தவரின் வீடு கடலிலேயே முடிந்தது. பாணர்கள் யாழ் போன்ற கருவியை மீட்டி ஊர் ஊராக இந்தக் கதையைப் பாடினார்கள்; ஜப்பானிய இலக்கியத்தில் ஹெய்கே கதை என்ற பெருங்காப்பியமாக அது நிலைத்தது.

அந்தக் கருவியின் பெயர் பீவா. அதைக் கையில் ஏந்திய தெய்வம் ஒன்றும் இத்தீவில் உண்டு. பென்சைட்டென் என்று அழைக்கிறார்கள். இத்தேவி வேறு யாருமல்லள், நம் சரஸ்வதியே. பௌத்தத்தோடு சீனம் சென்று, அங்கிருந்து ஜப்பானை அடைந்து, வீணைக்குப் பதிலாகப் பீவாவை ஏந்தினாள். ஆற்றின் பெயரைத் தாங்கியவள் ஆதலால் நீர்நிலைகளுக்கு அருகிலேயே அவளுக்குக் கோயில்கள் அமைந்தன. எனோஷிமா, சிகுபுத் தீவு, மியாஜிமா ஆகிய மூன்றும் அவளுக்குரிய தலைசிறந்த தலங்கள். பல நூற்றாண்டுகள் இவளும் இட்சுகுஷிமாத் தேவியும் ஒருத்தியே என்று கருதி ஒரே கோயிலில் வழிபட்டார்கள். 1868-ஆம் ஆண்டில் அரசாங்கம் ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரித்துவிட ஆணையிட்டது. அதனால் கலைமகள் திருவுருவத்தைக் கோயிலிலிருந்து எடுத்து அருகிலுள்ள டைகன்ஜி என்னும் பௌத்தக் கோயிலில் வைத்தார்கள். ஆண்டில் ஒரு நாள்தான் திரை விலக்குகிறார்கள். நாங்கள் சென்ற நாள் அதுவன்று. மூடிய கதவின் முன் நின்று கும்பிட்டுவிட்டு வந்தோம். ஆயிரம் ஆண்டுகள் சேர்ந்திருந்ததை ஓர் ஆணையால் பிரித்தது அறிவுடைமையாக எங்களுக்குத் தோன்றவில்லை.

கடைத்தெருவில் எங்கு நோக்கினும் மரத்தாலான அன்னவெட்டி தொங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்ஷின் என்னும் துறவி இங்கு வாழ்ந்தார். தீவு மக்களுக்கு உழுது பயிரிட நிலமில்லை. யாத்திரிகர்களுக்கு விற்கவும் பொருளில்லை. அவர் கனவில் பென்சைட்டென் தோன்றினாள் என்றும், அவள் கையிலிருந்த பீவாவின் வடிவில் அன்னவெட்டி செய்து விற்கும்படி ஊராருக்குக் கற்றுக்கொடுத்தார் என்றும் சொல்கிறார்கள். உருண்ட முகமும் நீண்ட காம்புமாக அது வீணையின் சிறு வடிவம்போலவே இருக்கிறது. சரஸ்வதியின் வீணையால் சோறு பரிமாறும் ஊர் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் ஹிரோஷிமாவிலிருந்து போருக்குக் கப்பலேறிய வீரர்கள், ‘சோறு அள்ளுதல்’ என்பதற்கும் ‘பகைவரைப் பிடித்தல்’ என்பதற்கும் ஜப்பானிய மொழியில் ஒலி ஒன்றாயிருப்பதால், இந்த அன்னவெட்டிகளைத் தீவின் பெருமண்டபத்தில் நேர்ந்து கட்டினார்கள். கலைமகளுக்கு இது உவப்பாயிருந்திருக்குமா என்பது வேறு. எங்களில் பெண்மணிகள் இருவரும் ஆளுக்கொன்று வாங்கினர்.

நண்பரைத் தேடி டைஷோயின் என்னும் கோயிலுக்கு ஏறினோம். மிசென் மலையின் அடிவாரத்தில் உள்ள பௌத்தக் கோயில் அது. கூகாய் என்னும் பெருந்துறவி, 806-ஆம் ஆண்டில் சீனத்திலிருந்து திரும்பியதும் இம்மலையில் தவம் செய்து நிறுவியது என்பர். படிக்கட்டின் நடுவே உள்ள கைப்பிடிச் சுவரில் உலோக உருளைகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவற்றில் பிரஜ்ஞாபாரமிதைச் சூத்திரம் பொறித்திருக்கிறது. கையால் உருட்டிக்கொண்டே ஏறினால் ஓதிய பயன் உண்டு என்பது நம்பிக்கை. ஜப்பானில் பிறப்புக்கும் திருமணத்துக்கும் ஷிண்டோக் கோயில்; இறப்புக்குப் பௌத்தக் கோயில். துக்கத்தில் இருப்பவர்க்கு இங்கே தடையேதும் இல்லை. அதனால்தான் வழிகாட்டி நண்பரை இங்கே அழைத்து வந்திருந்தார்.

நண்பர் ஊதுபத்தி ஏற்றிவிட்டு ஒரு மரத்தடியில் அமர்ந்திருந்தார். நினைவுப் பலகைகளில் சீன எழுத்துகளுக்கு மேலே வேறோர் எழுத்து இருப்பதை அவர் கவனித்திருந்தார். அது சித்தம் என்னும் இந்திய எழுத்து. நம் நாட்டில் வழக்கொழிந்துவிட்ட அந்த எழுத்தைக் கூகாய் வழிவந்தோர் மந்திர எழுத்தாக இன்றும் காத்து வருகிறார்கள். பிராமியின் வழி வந்ததாகையால் தமிழ் எழுத்துக்கும் தூரத்து உறவு. ஜப்பானிய நெடுங்கணக்கைச் சொல்லும்படி வழிகாட்டியைக் கேட்டோம். அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, கா, சா, தா, நா என்று தொடர்ந்தார். துறவிகள் வடமொழி எழுத்திலக்கணம் பயின்றதன் பயனாக அமைந்த வரிசை அது என்பது அறிஞர் கருத்து. நண்பரின் முகத்தில் அன்று முதன்முறையாகச் சிறிது ஒளி வந்தது. “எனக்கு அரிச்சுவடி எழுதிக் காட்டியவர் அண்ணன்தான். மணலில், விரலைப் பிடித்து” என்றார்.

மலையுச்சியருகே கூகாய் ஹோமம் வளர்த்த தீ 1,200 ஆண்டுகளாக அணையாமல் எரிகிறது என்றும், அதன்மேல் வைத்த கெண்டியில் கொதிக்கும் நீரை மருந்தாகப் பருகுவார்கள் என்றும் சொன்னார்கள். ஹோமத்தை அவர்கள் ‘கோமா’ என்கிறார்கள். தீயிருந்த மண்டபம் 2005-இல் எரிந்துபோய் மறு ஆண்டு திரும்பக் கட்டப்பட்டது. உச்சி 535 மீட்டர் உயரம். இழுவைக் கம்பி ஊர்தியில் போனாலும் இறங்கிய பின் அரைமணிக்குக் குறையாமல் நடக்க வேண்டும். கப்பலுக்கு நேரமாகிவிடுமாதலால் ஏறவில்லை.

திரும்பும் வழியில் மொமிஜிதானி என்னும் மேப்பிள் மரப் பள்ளத்தாக்கைக் காட்டினார் வழிகாட்டி. பாறைகளுக்கிடையே ஓடை ஒன்று இயல்பாக ஓடுவது போலிருந்தது. இயல்பு அன்று, அத்தனையும் மனிதர் அடுக்கியவை. 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் காலை 8.15 மணிக்கு, இங்கிருந்து இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹிரோஷிமாமீது அணுகுண்டு விழுந்தது. ஆறே வாரங்களில், செப்டம்பர் 17-ஆம் நாள், பெரும்புயல் ஒன்று வீசியது. போர்க்காலத்தில் வானிலைச் செய்தி சொல்லும் அமைப்பெல்லாம் சிதைந்திருந்தது. அந்த மாவட்டத்தில் மட்டும் ஈராயிரம் பேர் மாண்டனர். மியாஜிமாவில் இந்த ஓடை வழியே மலைமண்ணும் பாறையும் சரிந்து கோயில் வரை வந்து நிரம்பின. நேர் எதிர்க்கரையில், ஓனோ என்னுமிடத்தில் ராணுவ மருத்துவமனை மண்சரிவில் அழிந்தது. குண்டிலிருந்து தப்பி அங்கே படுத்திருந்த நோயாளிகளும், அவர்களை ஆராய்ந்து உதவ கியோட்டோவிலிருந்து வந்திருந்த பல்கலைக்கழக மருத்துவர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே இரவில் மண்ணுக்குள் போயினர்.

ஹிரோஷிமா நகரமே சாம்பலாய்க் கிடந்த காலம். உண்ண உணவில்லை. அந்நிலையில் 1948 முதல் 1950 வரை இந்த ஓடையைச் சீர்செய்தார்கள். சரிந்து வந்த பாறைகளை உடைக்கக் கூடாது, மரங்களை வெட்டக் கூடாது, சிமெண்டுக் காரை வெளியே தெரியக் கூடாது, வெளியிலிருந்து கல் கொண்டுவரக் கூடாது என்று விதி வகுத்துக்கொண்டு, விழுந்த பாறைகளைக் கொண்டே தடுப்பணைகளை மறைவாக அமைத்தார்கள். எது தடுப்பணை, எது பாறை என்று எங்களால் பிரித்தறிய முடியவில்லை.

பிற்பகலில் கடல் இறங்கத் தொடங்கியது. இப்பகுதியில் நீர்மட்டம் சில நாட்களில் நான்கு மீட்டர் அளவுக்குக்கூட ஏறி இறங்கும். காலையில் நீரில் மிதந்த தோரீ இப்போது ஈர மணலில் நின்றது. மக்கள் நடந்துசென்று தூண்களைத் தொட்டுப் பார்த்தார்கள். விரிசல்களில் காசு செருக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டும் செருகுகிறார்கள். நண்பரும் மணலில் இறங்கி எங்களுடன் நடந்தார். அருகில் சென்றதும், வாயிலுக்குள் நுழையாமல், சுற்றிக்கொண்டு அதன் ஓரமாகக் கடந்து மறுபுறம் வந்தார். அவரைப் பார்த்து நாங்களும் ஓரமாகவே வந்தோம். முன்னம் வாதாடிய அன்பரும் அப்படியே வந்தார்.

கப்பலுக்குத் திரும்பு முன் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் ஒரு மணி நேரம் கிடைத்தது. இட்சுகுஷிமாக் கோயிலையும், குண்டு வீழ்ந்தபின் எலும்புக்கூடாய் நிற்கும் குவிமாடத்தையும் 1996-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் செல்வங்களாக ஒருங்கே ஏற்றது. பூங்காவில் 1964-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் ஏற்றிய அமைதித் தீ எரிகிறது. உலகில் அணுவாயுதம் ஒன்றேனும் இருக்கும் வரையில் அதை அணைப்பதில்லை என்பது உறுதி. மலைக்கு ஏறாமல் விட்டுவந்தோமே, அந்தத் தீயிலிருந்தும் எடுத்து இதில் சேர்த்திருக்கிறார்கள் என்று வழிகாட்டி சொன்னார்.

நண்பர் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. சற்று வடக்கே புல் மூடிய வட்டமான மேடு ஒன்று இருக்கிறது. உரிமைகோர எவருமில்லாத ஏறத்தாழ எழுபதாயிரம் பேரின் சாம்பல் அதன் அடியில் இருக்கிறது. பெரும்பாலோர்க்குப் பெயரும் தெரியாது. குடும்பமே சேர்ந்து மாண்டதால் கடன் கழிக்க ஆளில்லாமல் போனவர்களும் அவர்களுள் உண்டு. அதைக் கேட்டதும் நண்பர் காலணியைக் கழற்றிவிட்டு மேட்டின் முன் போய் நின்றார். கைகூப்பவில்லை; வெறுமனே நின்றார். அவர் மனைவியார் நேரமாகிறது என்று இரண்டு முறை அழைத்த பிறகே திரும்பினார்.

கப்பல் இரவில் புறப்பட்டது. மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தோம். தென்மேற்கே தீவிருந்த பக்கம் சில விளக்குகள் தெரிந்தன.

“அங்கே இடுகாடே இல்லையா?” என்று மறுபடியும் கேட்டார் நண்பர்.

“இல்லை. எதிர்க்கரைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.”

“அப்படியானால் அவர்களும் ஊரை விட்டு வந்துதான்...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் பிற்பகல் கோபேயில் இறங்கினார்கள். ஒசாகா விமான நிலையத்துக்குச் செல்லும் வண்டியில் அவர்கள் பெட்டிகளை ஏற்றிவிட்டு நாங்கள் கப்பலுக்குத் திரும்பினோம். ஏழாம் நாள் காலையில் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தார்.